கௌரவத்துக்கும் கண்கட்டுக்கும் என்ன உறவு? சில ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வங்கித் தேர்வுக்கும் குரூப் தேர்வுகளுக்கும் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வலங்கைமான், பாபநாசம், மன்னார்குடி பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும். சொற்பட்டியலை நெட்டுருப் போட்டு அலுத்துப்போன நேரத்தில், ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று பேச்சு திரும்பினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மதிப்பு, ஏமாற்று என்ற இரண்டைச் சுற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘பிரஸ்டீஜ்’ என்றால் ஒரு காலத்தில் மோசடி என்று பொருளாமே, உண்மையா?

உண்மைதான். குக்கர் பெயரிலும் ‘இது என் பிரஸ்டீஜ் பிரச்சினை’ என்ற பேச்சிலும் இன்று நாம் கேட்கும் அந்தச் சொல், இலத்தீனில் வித்தைக்காரன் காட்டும் மாயத்தைக் குறித்தது. ‘பிரைஸ்டீகியே’ என்பார்கள். அதன் அடியில் ‘பிரைஸ்ட்ரிங்கெரே’ என்ற வினைச்சொல் இருக்கிறது. ‘பிரை’ என்றால் முன்னால். ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுதல். கண்ணுக்கு முன்னால் கட்டுவது, பார்வையை மழுங்கடிப்பது என்று பொருள் விரியும்.

தமிழில் இதற்கு அப்படியே ஒரு சொல் வைத்திருக்கிறோம்: கண்கட்டு வித்தை. ரோமானியர்களிடமிருந்து நாம் வாங்கியதுமில்லை, நம்மிடமிருந்து அவர்கள் வாங்கியதுமில்லை. திருவிழாக் கூட்டத்தில் மோடி வித்தை பார்த்தவர்களுக்கு, திறந்திருக்கும் கண்ணையே யாரோ கட்டிவிட்ட மாதிரி இருப்பது தெரியும். அந்த அனுபவம் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிப் பெயர் வாங்கியிருக்கிறது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்தப் பொருளோடுதான் வந்தது. 1656-இல் தாமஸ் பிளவுன்ட் வெளியிட்ட அருஞ்சொல் அகராதி, இதற்கு வஞ்சனை, போலித்தனம், ஏய்க்கும் தந்திரம் என்றே பொருள் சொல்கிறது. ‘பிரஸ்டீஜியஸ்’ அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தது. 1540-களில் ஒருவரை அப்படி அழைத்தால், மாயவித்தை காட்டி ஏமாற்றுகிறவர் என்று அர்த்தம்.

அப்படியென்றால் அது எப்போது கௌரவமாக மாறியது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நெப்போலியனின் காலம் அது. அவருடைய பெயரைக் கேட்டதுமே படைகள் தடுமாறின. தோற்ற பிறகும் அந்தப் பெயரின் ஒளி குறையவில்லை. வெற்றிகளின் நினைவு மக்கள் கண்ணை மறைக்கிற அந்த நிலையைச் சொல்லப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘பிரஸ்டீஜ்’ பயன்பட்டது. அதாவது முதலில் ‘கண்ணைக் கட்டும் மாயம்’, பிறகு ‘கண்ணைப் பறிக்கும் புகழ்’, கடைசியில் வெறும் ‘புகழ்’, ‘மதிப்பு’. வசைச்சொல் மூன்று படிகளில் பாராட்டுச்சொல் ஆகிவிட்டது. ‘பிரஸ்டீஜியஸ்’ இன்னும் தாமதம். இன்றைய பொருளில் அது எழுத்தில் தென்படுவது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான்.

நடுப்படியைக் கவனியுங்கள் என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒருவருடைய தகுதியைப் பார்த்து வரும் மரியாதை வேறு. அவரைச் சுற்றியிருக்கும் ஒளி நம் கண்ணை மூடுவதால் வரும் மரியாதை வேறு. அந்த இரண்டாவதற்குத்தான் இந்தச் சொல் பிறந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற ஒருவர் முன்னால், பாடத்தில் அவரைவிடத் தேறிய நம் பிள்ளைகள் வாயடைத்து நிற்கிறார்களே, அதுதான் பழைய பொருளில் பிரஸ்டீஜ். இதை நான் ஆழமாகவே நம்புகிறேன்.

நம் ‘கௌரவம்’, ‘மதிப்பு’ இரண்டும் இப்படித்தானா?

இல்லை. ‘கௌரவம்’ வடமொழியின் ‘குரு’ என்ற சொல்லிலிருந்து வருவது. ‘குரு’ என்றால் அங்கே கனமானது என்றும் பொருள். இலத்தீனின் ‘கிராவிஸ்’ அதற்குத் தொலைதூர உறவு. ஆங்கில ‘கிராவிட்டி’ அதன் வழி வந்தது. ‘மதிப்பு’ அளந்து கணித்துச் சொல்வது. ஒன்றில் எடை இருக்கிறது, இன்னொன்றில் அளவு இருக்கிறது. கண்கட்டு இரண்டிலும் இல்லை.

கைவித்தைக்காரரை ‘பிரஸ்டிடிஜிட்டேட்டர்’ என்கிறார்களே, அது ‘பிரஸ்டீஜ்’ குடும்பமா?

ஒட்டுறவு. பிரெஞ்சில் ‘பிரெஸ்ட்’ என்றால் விறுவிறுப்பான. இலத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு வித்தைக்காரர் இரண்டையும் சேர்த்து இந்தப் பட்டத்தை உண்டாக்கிக்கொண்டார். பழைய சொல்லின் ஓசை காதில் இருந்ததால்தான் இந்த இணைப்பு பொருந்தியது. கணினிக்கு நாம் சொல்லும் ‘டிஜிட்டல்’ என்பதிலும் அதே விரல்தான் இருக்கிறது.

கண்ணைக் கட்டும் இன்னொரு சொல் ‘ஹூட்விங்க்’. ‘ஹூட்’ தலைமூடி, ‘விங்க்’ அந்நாளில் கண்ணை மூடுவதைக் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் முகத்தை மூடிக் கட்டுவதற்கே இப்படிச் சொன்னார்கள். ஏமாற்றுதல் என்ற பொருள் பின்னால் ஏறியது.

‘கிளாமர்’ என்பது ‘கிராமர்’ என்பதன் திரிபு என்று படித்தேன். நம்ப முடியவில்லையே?

நம்பலாம். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

கிரேக்கத்தில் ‘கிராம்மா’ என்றால் எழுத்து. எழுத்தறிவுக் கலை ‘கிரம்மாட்டிக்கே’. இடைக்கால ஐரோப்பாவில் படிப்பு என்றாலே இலத்தீன். இலத்தீன் தெரிந்தவர்கள் பாதிரிமாரும் ஒருசில பணக்காரர்களும். மற்றவர்களுக்கு ஏட்டைப் பார்த்து முணுமுணுக்கிற ஆளெல்லாம் மந்திரவாதியாகத் தெரிந்தார்கள். அதனால் ‘கிராமரி’ என்ற வடிவம் மறைபொருள் வித்தை, மாந்திரீகம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. மந்திரப் புத்தகத்துக்கு ‘கிரிமுவார்’ என்ற பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்தது. ஸ்காட்லாந்தில் ரகரம் லகரமாகத் திரிந்து ‘கிளாமர்’ ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஒருவர் கண்ணில் ‘கிளாமரைப் போட்டுவிட்டார்கள்’ என்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் வசியத்தை வைத்துவிட்டார்கள் என்று பொருள். சர் வால்டர் ஸ்காட் தம் கவிதையில் இதை எடுத்தாண்ட பிறகு இங்கிலாந்திலும் பரவியது. நடிகைகளின் கவர்ச்சி என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில் சினிமாவோடு வந்தது.

இதில் நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க், தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அதன் தலைப்பில் ‘கிரம்மாட்டிக்கா’ என்ற சொல் இருக்கிறது. அதே சொல் அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் மாந்திரீகமாகத் திரிந்துகொண்டிருக்க, நம் கடற்கரையில் அது தமிழுக்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தது.

எழுதத் தெரிந்தவரைப் பார்த்து மிரளுவதும் நமக்குப் புதிதல்ல. பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரைக்கும், தஞ்சாவூர்க் கிராமங்களில் சிட்டாவும் அடங்கலும் கர்ணத்தின் கையில் இருந்தன. நிலத்தை உழுதவருக்கு அந்த எழுத்து புரியாது. எந்த சர்வே எண்ணில் யார் பெயர் என்று அந்த ஏடு சொன்னதுதான் விதி. ‘கிராமர்’ ஏன் ‘கிளாமர்’ ஆனது என்பதை டெல்டாவின் பழைய குத்தகைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் நீட்டி விளக்க வேண்டியிருப்பதில்லை.

‘சார்ம்’, ‘என்சான்ட்’, ‘ஃபாசினேட்’?

மூன்றும் மந்திரம்தான். ‘சார்ம்’ இலத்தீனின் ‘கார்மென்’ என்பதிலிருந்து: பாட்டு, மந்திரப்பாட்டு. ‘என்சான்ட்’ என்பது ஒருவர்மேல் பாடி வசியம் வைப்பது.

‘ஃபாசினேட்’ கண் திருஷ்டி. ‘ஃபாஸ்கினும்’ என்றால் வசியம். அதை முறிக்கும் தாயத்துக்கும் அதே பெயர். ரோமானியர்கள் அதைக் குழந்தைகளுக்குக் கட்டினார்கள். வெற்றி ஊர்வலம் வரும் தளபதியின் தேருக்கு அடியிலும் தொங்கவிட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். புகழின் உச்சியில் இருப்பவர்மேல்தான் கண் அதிகம் படும் என்ற எண்ணம் அது. கிரகப்பிரவேச வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிற நமக்கு இது உடனே புரியும்.

‘சீட்’ (ஏமாற்று) நம் ‘சீட்டு’ என்பதிலிருந்துதானே வந்தது? சீட்டுக் கம்பெனிக்காரர்கள் ஓடிப்போவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இல்லை. ஓசை ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். சிட் ஃபண்டில் வரும் ‘சிட்’ இந்திய மொழிகளிலிருந்து, இந்தியின் ‘சிட்டி’ (கடிதத் துண்டு) வழியாக ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஏமாற்றைக் குறிக்கும் ‘சீட்’ வேறு வழியில் வந்தது. அந்த வழி தஞ்சாவூர் அரண்மனை வாசலையும் தொடுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடைக்கால இங்கிலாந்தில், வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் பிரபுவுக்கோ அரசருக்கோ போய்விடும். அதற்குப் பெயர் ‘எஸ்சீட்’. பழைய பிரெஞ்சில் ‘ஒருவர் பங்கில் விழுந்தது’ என்று பொருள். மூலம் இலத்தீனில் ‘விழு’ என்னும் வினை. இந்தச் சொத்துகளைக் கவனிக்க அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் உரிமை இருக்கிறவர்களின் சொத்தையும் ஏதாவது சாக்குச் சொல்லி அள்ளிக்கொண்டு போனார்கள் என்று மக்களிடம் கெட்ட பெயர். அதிகாரியின் பெயரும் அவர் செய்த வேலையும் தலையெழுத்து தேய்ந்து ‘சீட்’ ஆயின. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது வெறும் ஏமாற்று என்று ஆகிவிட்டது.

இனி தஞ்சாவூர். மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி, அரசு தனக்கு வந்துவிட்டது என்றது. அந்தக் கொள்கைக்கு ‘லாப்ஸ்’ என்று பெயர். அதுவும் இலத்தீனில் வழுக்கி விழுவதுதான். அரசு மட்டும் போகவில்லை. அரண்மனைக்குள் இருந்த அரசரின் சொந்தச் சொத்துக்கும் முத்திரை வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் சாகேபா அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். 1859-இல், மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது: இது ஓர் அரசின் செயல், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். பிறகு 1862-இல் சொந்தச் சொத்துகள் ராணிகளிடம் திரும்பின. சட்டக்கல்லூரியில் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ‘எஸ்சீட்’ எப்படி ‘சீட்’ ஆனது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ‘எஸ்சீட்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 29 அதைப் பற்றியதுதான். அரசியலமைப்பின் 296-ஆவது உறுப்பிலும் இந்தச் சொல் வரும்.

‘சார்லட்டன்’, ‘மவுண்ட்பேங்க்’, ‘குவாக்’: மூன்றும் போலி வைத்தியர்தானா?

ஆமாம், மூன்றுமே கடைத்தெருவில் பிறந்தவை. இத்தாலியச் சந்தைகளில் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவி மருந்து விற்றவர் ‘மவுண்ட்பேங்க்’. ‘பெஞ்சில் ஏறு’ என்பதே அதன் பொருள். ‘குவாக்’ டச்சு மொழியின் ‘குவாக்சால்வர்’ என்பதன் சுருக்கம். களிம்பைக் கூவி விற்கிறவர்.

‘சார்லட்டன்’ இரண்டு சொற்கள் கலந்தது. இத்தாலியில் ‘சார்லாரே’ என்றால் வளவளவென்று பேசுவது. உம்பிரியா பகுதியில் செரெட்டோ என்று ஓர் ஊர். அங்கிருந்து கிளம்பிய நாட்டு மருந்து வியாபாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பொய் மருந்து விற்றதாகப் பெயர் வாங்கினார்கள். ‘செரெட்டோக்காரன்’ என்பதும் ‘வளவளப்பவன்’ என்பதும் ஒன்றோடொன்று ஒட்டி இந்தச் சொல் உண்டானது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். ‘கும்பகோணம் வேலை’ என்றால் தமிழ்ப் பேச்சில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வெற்றிலையும் பாத்திரமும் பட்டும் செய்து பிழைக்கிற ஓர் ஊர் முழுவதையும் ஏமாற்றுக்குப் பெயராக்குவது அநியாயம். செரெட்டோவிலும் பெரும்பாலானவர்கள் உழுது பிழைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒரு சிலர் செய்ததற்கு ஊர்ப்பெயர் நூற்றாண்டுக் கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

‘ஹோக்கஸ் போக்கஸ்’ என்பது நம் ‘சூ மந்திரக்காளி’ மாதிரிதானே?

அதே வேலைதான். 1620-களிலிருந்து எழுத்தில் இருக்கிறது. அரசர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் ஒரு வித்தைக்காரர் தமக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். ‘ஹோக்ஸ்’, அதாவது புரளி, இதன் முதல் பாதி சுருங்கியது. இலத்தீன் பூசை வாசகத்தைக் கிண்டல் செய்த சொல் என்று பலரும் சொல்வார்கள். அது 1694-இல் ஒரு பேராயர் செய்த ஊகம்.

‘கேண்டிடேட்’ என்பதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

வெள்ளைத் துணியில். இலத்தீனில் ‘கேண்டிடஸ்’ என்றால் பளீர் வெள்ளை. ரோமில் பதவிக்கு நின்றவர்கள் தங்கள் அங்கியில் சுண்ணப்பொடி பூசி வெளுப்பாக்கிக்கொண்டு மக்கள் நடுவே வருவார்கள். அவர்களுக்கு ‘கேண்டிடாட்டஸ்’, வெள்ளுடைக்காரர், என்று பெயர். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் திருவாரூர்க் கடைத்தெருவில் எத்தனை கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி நடமாடும் என்று பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டாகியும் அந்த நிறம் மாறவில்லை.

இதோடு ‘ஆம்பிஷன்’ என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘ஆம்பிரே’ என்றால் சுற்றி வருவது, அதாவது வாக்குக் கேட்டு வீதி சுற்றுவது. அதே வேரில் வந்த ‘ஆம்பிட்டஸ்’ தேர்தல் லஞ்சத்துக்குச் சட்டம் வைத்த பெயர். கி.மு. 63-இல் சிசரோ கொண்டுவந்த சட்டத்தில் அதற்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை. உயர வேண்டும் என்ற ஆசையும் ஓட்டுக்குப் பணமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

‘ஸ்னாப்’ என்றால் பெரிய இடத்து ஆள் என்று பொருளா?

தலைகீழ். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஸ்னாப்’ என்றால் செருப்புத் தைப்பவர். கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்மக்கள் எல்லோரையும் இளக்காரமாக அப்படி அழைத்தார்கள். பிறகு கீழ்த்தட்டு ஆள், மேல்தட்டைக் காப்பியடிக்கும் ஆள், கடைசியில் தன்னை உயர்வாக நினைத்து மற்றவரை இழிவாகப் பார்க்கும் ஆள் என்று பொருள் ஏறிக்கொண்டே போனது. கடைசிப் படிக்குக் கொண்டுவந்ததில், கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1840-களில் எழுதிய கட்டுரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் ‘தென்னகத்தின் கேம்பிரிட்ஜ்’ என்பார்கள். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் அங்கே படித்துத்தான் ஆங்கிலேயர்களே வியக்கும் ஆங்கிலப் பேச்சாளர் ஆனார். கணித மேதை ராமானுஜனும் அங்கேதான் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைந்தால் அறிவே குறைவு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘தக்’ இந்தியச் சொல்லா?

ஆமாம். இந்தியில் ‘டக்’ என்றால் ஏமாற்றுக்காரன். வடமொழியில் மறைத்தல் என்ற பொருளுள்ள வேர். 1830-களில் வழிப்பறிக் கொலைகாரர்களை ஆங்கில அரசு வேட்டையாடியபோது ஆங்கிலத்தில் பிரபலமானது. ஏமாற்றுப் பொருள் அங்கே உதிர்ந்து முரடன் என்பது மட்டும் தங்கிவிட்டது.

‘கான்மேன்’, ‘ஸ்விண்டில்’, ‘பான்சி’: செய்தித்தாளில் தினம் வருகிறதே?

‘கான்மேன்’ என்பதில் ‘கான்’ நம்பிக்கையைக் குறிக்கும் ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதன் சுருக்கம். 1849-இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவர் பிடிபட்டார். நன்றாக உடுத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பழகிப் பேசி, ‘நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் தரும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா’ என்று கேட்பார். கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர்தான் சொல்லாக நிலைத்தது.

‘ஸ்விண்டில்’ (ஏய்த்துப் பணம் பறிப்பது) ஜெர்மன் வழி வந்தது. அங்கே ‘ஷ்விண்டல்’ என்றால் தலைசுற்றல். ‘பான்சி’ ஓர் ஆளின் பெயர். சார்லஸ் பான்சி 1920-இல் பாஸ்டனில், தபால் கூப்பன் வியாபாரம் என்று சொல்லி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகப் பணம் வாங்கினார். புதிதாக வந்தவரின் பணத்தைப் பழையவருக்கு லாபமாகக் கொடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கைதானார். நெல் விற்ற காசையும் பெண் கல்யாணத்துக்கு வைத்த நகைப்பணத்தையும் இப்படிக் கொட்டிவிட்டு நிற்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. அதனால் இந்தச் சொல்லை மட்டும் தேர்வுக்கு என்று நான் நடத்துவதில்லை. 45 நாளில் ஒன்றரை மடங்கு என்று யார் சொன்னாலும், காரும் கோட்டும் எப்படி இருந்தாலும், பணம் எந்தத் தொழிலில் பெருகுகிறது என்று கேட்டு, கணக்கை எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் சொல்வரலாறுகளை எப்படிச் சோதிப்பது?

முதலெழுத்துகளைக் கூட்டி விளக்கம் சொன்னால் சந்தேகப்படுங்கள். ‘போஷ்’ (பகட்டான) என்பதற்கு ஒரு கதை உலவுகிறது: இந்தியாவுக்கு வரும் கப்பலில் வெயில் படாத பக்கத்து அறைகளைப் பணக்காரர்கள் போக வர எடுத்தார்கள், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ (போகையில் இடப்பக்கம், திரும்புகையில் வலப்பக்கம்) என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள்தான் ‘போஷ்’ என்று. அப்படி அச்சிட்ட ஒரு பயணச்சீட்டைக்கூட யாரும் காட்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொச்சையில் அந்தச் சொல் காசையும் பகட்டுக்காரரையும் குறித்தது. ‘ஸ்னாப்’ இலத்தீனில் ‘பிரபு வம்சம் இல்லாதவர்’ என்பதன் சுருக்கம் என்பதும் இதே வகைக் கட்டுக்கதை. சிற்பத்தின் விரிசலை மெழுகால் மறைக்காதவர் ‘சின்சியர்’ என்ற கதையும் அப்படியே. இலத்தீனில் ‘சின்கேருஸ்’ என்றால் கலப்பில்லாதது, அவ்வளவுதான்.

அடுத்து, சொல் எந்த ஆண்டில் முதலில் எழுத்தில் வந்தது என்று நல்ல வரலாற்று அகராதியில் பாருங்கள். கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முன்பே சொல் இருந்தால், கதை பொய். நம் மொழிப் பெருமைக்காகச் சொல்லப்படும் கதைகளையும் இதே சோதனையில் வையுங்கள். ‘கேஷ்’ நம் ‘காசு’ என்பார்கள். பாதி சரி: சிறு நாணயத்தைக் குறித்த பழைய ‘கேஷ்’ போர்த்துகீசியர் வழியாக நம் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளுள்ள ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது.